குறுக்குக்கட்டைக்கு அந்தப் பக்கம்

களை மருந்து பம்பை முதுகில் ஏற்றும்போது துளசி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கங்கா பின்னால் நின்று தூக்கிக் கொடுத்தாள். வார் இரண்டும் தோளில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சை விட்டாள். மூடி சரியாக இறுகாததால் மருந்து கசிந்து சட்டையின் முதுகை நனைத்துக்கொண்டே இருக்கும். புது மூடி கேட்டு மூன்று மாதம் ஆகிறது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இருசப்பனிடம் கேட்டால் காண்ட்ராக்டரைக் கேள் என்பான். காண்ட்ராக்டரைக் கேட்டால் மண்டோரிடம் சொல் என்பான். பிளாஸ்டிக் பையைக் கிழித்து மூடிக்கடியில் வைத்துத் திருகியிருந்தாள். அதற்கும் மருந்து அடங்கவில்லை.

இருவரும் ஆளுக்கொரு நிரையாகப் பிடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தடிகளைச் சுற்றி அடித்துக்கொண்டே போனார்கள். கோலசிலாங்கூர் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த பனி இன்னும் கலையவில்லை. மூக்கை மூடியிருந்த துணியைக் கீழே இழுத்துவிட்டு கங்கா கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமதானே காதுகுத்து? யார் மடின்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"சேதுகிட்ட சொல்லியிருக்கு. சித்தப்பா மவன்தானே. அவனும் மாமன் மொறதான்."

"அடி போடி! கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப சேதுவாம் சேது. அவன் தொப்பையப் பாத்திருக்கியா? புள்ள உக்காந்தா வழுக்கிக்கிட்டுப் போயிரும்."

துளசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. மருந்துக் கையால் கண்ணைத் தொடக்கூடாது என்பதால் தலையைத் திருப்பித் தோளில் துடைத்தாள்.

"அண்ணன் மடிதான் வேணும் கங்கா. எனக்கு வேற யாரும் வேணாம்."

"அப்பறம் என்னா? தோட்டத்துக்குள்ள விட மாட்டாங்கன்னா பட்டணத்துக் கோயில்ல வச்சுக்க."

"நேந்துக்கிட்டது நம்ம காளியம்மனுக்கு. புள்ள எட்டாம் மாசத்துல பொறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தப்ப நேந்துக்கிட்டேன். ஒன் காலடியில வச்சுத்தான் காது குத்துவேன்னு. அதோட எங்க வீட்டுக்காரருக்கு லீவு கெடையாது. கேட்டுப் பாத்துட்டாரு. வேற ஆள் இல்லியாம்."

ஒரு வயதிலேயே குத்தியிருக்க வேண்டிய காது. சளி என்றாள், காய்ச்சல் என்றாள், நாள் சரியில்லை என்றாள். ஊரே சிரிக்கும்படி இரண்டு வருடம் தள்ளினாள். அண்ணன் புனிதன் அப்போது சிறையில் இருந்தான். வெளியே வந்து எட்டு மாதமாகிவிட்டது. வடக்கே சுங்கை பஞ்சாங்கில் நெல்வயலில் வேலை செய்கிறான் என்று கங்காவின் கைப்பேசி வழியாகத்தான் தெரிந்தது. கணவனுக்குத் தெரியாமல் அந்தக் கைப்பேசியில் நான்கு தடவை பேசியிருக்கிறாள். நான்கு தடவையும் அவன் கேட்டது ஒன்றுதான்: "புள்ள என்னா பேசுது?"

புனிதன் சிறைக்குப் போனது துளசியின் கணவன் கணேஸ்வரனை வெட்டியதற்காக. மாமனும் மச்சானும் ஒரே ஜோடியாகச் செம்பனைப் பழக்குலை வெட்டினவர்கள். ஒருவன் மரத்தை அண்ணாந்து பார்த்தால் மற்றவன் கைவண்டியைச் சரியான இடத்துக்குத் தள்ளி வைப்பான். பேச்சே தேவைப்படாது. அந்தப் புனிதன்தான் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்து வாசலில், மட்டை வெட்டும் அரிவாளால் கணேஸ்வரனின் வலது கையை முழங்கைக்குமேல் வெட்டினான். கை துண்டாகவில்லை, ஆனால் விளங்காமல் போய்விட்டது. துளசி அப்போது ஐந்து மாதம்.

*

பகல் சோறு எடுத்துக்கொண்டு துளசி தோட்டத்து வாசலுக்குப் போனாள். கணேஸ்வரன் இப்போது அங்கே ஜாகா. கை விளங்காதவனுக்குக் காவல் வேலை என்று மேனேஜர் பெரிய மனது பண்ணிக் கொடுத்தது. வாசலில் சாலைக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு குறுக்குக்கட்டை. அதன் பின்முனையில் சிமெண்டு நிரப்பிய பெயிண்ட் வாளியும், கீழே தொங்கும் கயிறும். கயிற்றை இழுத்தால் கட்டை தூக்கும். வாளியின் கனம் போதாது. அதனால் வண்டி கடந்து போகும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். விட்டால் கட்டை வண்டித் தலையில் விழும். கணேஸ்வரன் நாள் முழுக்க அதை இடது கையால் இழுத்துப் பிடிக்கிறான்.

மகள் நித்தியா அந்தக் காவல் அறையில்தான் வளர்கிறாள். தாய் மருந்தடிக்கப் போனால் பிள்ளை தகப்பனிடம். ஒரு கையால் அவளுக்குச் சட்டை மாட்டுவான், ஒரு கையும் பல்லுமாக ரப்பர் வளையத்தைப் பிடித்துக் குடுமி போட்டுவிடுவான். குடுமி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

துளசி தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து வைத்தாள். கணேஸ்வரன் கரண்டியை எடுத்தான்.

"நேத்து ராத்திரி யோசிச்சேன்," என்று ஆரம்பித்தாள். "அண்ணன..."

"துளசி. சாப்புட உடு."

"ஒரு வாட்டி..."

"அவன் மூஞ்சியத்தான் தெனம் பன்னெண்டு மணி நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பத்தலியா?"

அதுவும் உண்மைதான். காவலறைக் கண்ணாடியில் உள்ளே விடக்கூடாதவர்களின் படம் ஒட்டியிருக்கிறது. செம்பனைப் பழம் திருடிய இரண்டு பேர், பழைய லோரி டிரைவர் ஒருவர், கடைசியில் புனிதன். அடையாள அட்டையை நகல் எடுத்த படம். வெயில் பட்டுப் பட்டு மீசை மட்டும் மிச்சம் இருந்தது. கீழே மலாயில் 'டிலாராங் மாசோக்' என்று எழுதியிருந்தது. உள்ளே நுழையக்கூடாது. கோயிலும் கொட்டகையும் தாய் தகப்பனைப் புதைத்த இடமும் எல்லாம் உள்ளே.

நித்தியா நாற்காலியில் ஏறி நின்று கண்ணாடியில் விரலை வைத்தாள். நேராகக் கடைசிப் படத்தில்.

"மாமா," என்றாள்.

துளசி கையிலிருந்த குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லப் பயம்.

"யாரு சொன்னா இதுக்கு?"

கணேஸ்வரன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "யாரு யாருன்னு தொணதொணத்துச்சு. நான் என்னான்னு சொல்றது? தெருவுல போறவன்னா சொல்றது?"

*

மறுநாள் வேலை முடிந்ததும் அதே மருந்து வாடையோடு ஆபீசுக்குப் போனாள். தலைமை எழுத்தர், பெரிய கிராணி தங்கராஜு நல்ல மனிதர்தான். யாருக்குச் சாவு என்றாலும் முதல் ஆளாய் வந்து நிற்பார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஒரே ஒரு நாள், அரை நாள் போதும், கோயிலுக்கு வந்துவிட்டுப் போய்விடுவான் என்றாள். அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து அவள் முன்னால் திறந்து வைத்தார்.

"காரணமில்லாம தாக்குனவன்னு இருக்கும்மா. காரணமே இல்லாம ஆள வெட்டறவன எந்த மேனேஜர் உள்ள விடுவான்? இது நானா எழுதுனது இல்ல. நீ போலீசுல குடுத்த வாக்குமூலம். 'எம் புருஷன் என்னை அடிக்கல, நான் குளியலறையில வழுக்கி விழுந்தேன்.' பாரு, கையெழுத்து ஒன்னோடது."

"நீங்கதானேய்யா அப்படிச் சொல்லச் சொன்னீங்க?"

தங்கராஜு கண்ணாடியைக் கழற்றினார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஆமா சொன்னேன். இல்லன்னு சொல்லல. ஒருத்தன் ஆஸ்பத்திரியில, ஒருத்தன் லாக்கப்புல. கணேசு மேலயும் கேஸ் ஆயிருந்தா அன்னைக்கே வீட்டக் காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க. வயித்துப் புள்ளையோட எங்க போயிருப்ப?"

"இப்ப உண்மையச் சொல்றேன்யா. எழுதிக்குங்க. அவரு அடிச்சாரு. ஓங்கி மொகத்துல அடிச்சாரு, கீழ விழுந்ததும் ஒதச்சாரு. அதைத்தான் அண்ணன் பாத்துச்சு."

"எழுதலாம். எழுதினா புனிதன் படத்த எடுத்துருவாங்க. அந்த எடத்துல கணேசு படம் வரும். பொம்பளைய அடிச்சவன காவலுக்கு வச்சுக்க மாட்டாங்க, புது ரூல்ஸ். வேலை போனா வீடு போச்சு. வீடு அவன் பேர்லதானே? நீ காண்ட்ராக்டர் ஆளு, ஒனக்கு வீடு கெடையாது." ஃபைலை மூடினார். "சொல்லு. எழுதவா?"

 மின்விசிறிக் காற்றில் ஈரச் சட்டை முதுகோடு ஒட்டிச் சில்லிட்டது.

"வேணாங்கய்யா," என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது கணேஸ்வரன் இரவுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். தண்டை முழங்காலுக்கு நடுவே செருகி இடது கையால் இலையை உருவினான். எங்கே போனாய் என்று கேட்டான். ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எழுதவா என்று கிராணி கேட்டதையும், வேண்டாம் என்று தான் சொன்னதையும்கூட.

அவன் வெகுநேரம் கீரையையே உருவினான். ஆய்ந்த இலையும் தண்டும் ஒன்றாய்க் கலந்துபோனது தெரியவில்லை.

"அன்னைக்கு ஒன்ன நான் அடிச்சேன்," என்றான். "அவன் வெட்டுனது கோர்ட்டுல இருக்கு, ஆஸ்பத்திரியில இருக்கு, ஆபீசுல இருக்கு. நான் அடிச்சது எங்கயும் இல்ல. எனக்குள்ள மட்டும்தான் இருக்கு. அது என்னாமோ பண்ணுது துளசி."

 இந்த மூன்று வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. வந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருக்கத்தான் செய்தது, கோபமும் கூடவே வந்தது.

"மூணு வருஷமாச்சு இதச் சொல்ல," என்றாள்.

"ஆச்சு." கீரைத் தட்டைத் தள்ளி வைத்தான். "போயி வெத்தல பாக்கு வச்சு அவனக் கூப்புடு. கோயில்ல பூசைய முடிச்சுட்டு ஆசாரியக் கூட்டிக்கிட்டு எல்லாரும் வாசலுக்கு வாங்க. உள்ள விடாதேன்னுதான் எனக்கு ஆர்டர். வெளிய நிக்காதேன்னு ஆர்டர் இல்ல. கட்டைக்கு அந்தப் பக்கம் ரோடு கவர்மெண்டுது. அங்க நாக்காலி போட்டு அவன உக்கார வைங்க. நான் டூட்டியில இருப்பேன். யாரு வெரட்டறான்னு பாக்கறேன்."

எழுந்தவள் கதவருகே போய்த் திரும்பினாள். "புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போவட்டா?"

"வேணாம். அவனே வந்து பாக்கட்டும்."

*

தாய்மாமனை ஆள் விட்டுக் கூப்பிட முடியாது, கைப்பேசியிலும் கூப்பிட முடியாது. கூடப்பிறந்தவள் தட்டோடு நேரில் வந்து நிற்க வேண்டும். வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல் துளசி வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினாள். எவர்சில்வர் தட்டு, வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், எல்லாம் துணிப்பைக்குள். தஞ்சோங் காராங் தாண்டியதும் செம்பனை முடிந்து இருபுறமும் நெல். அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லாத ஊர். இவ்வளவு வானத்துக்குக் கீழே அண்ணன் தனியாய் என்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

சுங்கை பெசார் பஸ் நிறுத்தத்தில் பழைய மோட்டாரோடு நின்றுகொண்டிருந்தான். தலை பாதி நரைத்து, கன்னம் ஒட்டி, மீசையை எடுத்துவிட்டிருந்தான். படியிறங்கிய தங்கையை அவன் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தான். பஸ் கதவு மூடி வண்டி கிளம்பும்வரை பார்த்தான்.

"கூட்டிக்கிட்டு வரலண்ணே," என்றாள்.

"ம்... பஸ்ஸுல வாந்தி எடுக்கும், பாவம்," என்று அவனே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். "வா, ஏறு. இளைச்சிட்டியே."

"நீ மட்டும் என்னாவாம்."

சுங்கை பஞ்சாங்கில், அறுவடை இயந்திரம் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் அவன் அறை. ஒரு பாய், ஒரு கரண்ட் அடுப்பு, சுவரில் ஆணியில் இரண்டு சட்டை. லோரிக்கு நெல் ஏற்றுவதும் வரப்பு கட்டுவதும் வேலை. முதலாளி மலாய்க்காரர் நல்லவர், எங்கிருந்து வந்தாய் என்று ஒரு தடவைக்குமேல் கேட்கவில்லை என்றான். துளசி தட்டை எடுத்துப் பாயில் வைத்து, வெற்றிலையை அடுக்கினாள். புனிதன் குழாயடிக்குப் போய் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழம ஒம் மருமவளுக்குக் காது குத்துறோம். மாமன் வந்து மடி தரணும்," என்றாள். சடங்குக்காரி மாதிரிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். சொல்லி முடித்ததும் அடுக்கின வெற்றிலையையே மறுபடி அடுக்கினாள்.

அவன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தான். பிறகு தலையணைக்கடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினான். பஞ்சுக்கு நடுவே மிளகு அளவில் ஒரு ஜோடிக் கம்மல்.

"வெளிய வந்து மொத சம்பளத்துல வாங்குனது. கூப்புடுவியோ மாட்டியோன்னு தெரியாது. இருந்தாலும் வாங்கி வச்சேன்."

"கூப்புடாம? அண்ணே, ஒனக்காகத்தான் ரெண்டு வருஷமா புள்ளைய மூளிக் காதோட வச்சிருக்கேன். இதுக்கு எத்தினி பேர்கிட்ட பேச்சு வாங்கியிருப்பேன் தெரியுமா?"

புனிதன் டப்பாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். வாசலில் எப்படி நடக்கப்போகிறது என்பதை அவள் சொன்னாள். உள்ளே வரமுடியாது என்றதும் அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி," என்றான். "வெளிய உக்காந்தா என்னா. மடி மடிதானே."

சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. அதைச் சொல்லாமல் திரும்பிப் போனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது.

"அண்ணே. அன்னைக்கு அந்த மரத்தடியில எல்லாம் பழத்தப் போட்டது நான்தான்."

செம்பனை மரம் உயரமாகிவிட்டால் குலை பழுத்ததா என்று கீழிருந்து தெரியாது. மரத்தடியில் உதிரிப் பழம் கிடந்தால் குலை பழுத்துவிட்டது என்று அர்த்தம், வெட்டலாம். அந்த உதிரியைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி ரோட்டோரம் சேர்ப்பது அப்போது துளசியின் வேலை. அன்றைக்கு முந்தின நாள் இடுப்பு விட்டுப்போய்விட்டது. பாதிச் சாக்கைத் தூக்க முடியவில்லை. குவியலாக விட்டுப்போனால் மண்டோர் இருசப்பன் கண்ணில் படும். அவன் வாய்க்குப் பயந்து, பக்கத்து நிரையில் பத்துப் பன்னிரண்டு மரத்தடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிட்டுப் போய்விட்டாள். காலையில் வந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்று. மறுநாள் விடியலில் பனிக்குள் அந்த நிரைக்கு வந்தவர்கள் அண்ணனும் கணவனும். தரையில் உதிரியைப் பார்த்தார்கள், வெட்டினார்கள். பன்னிரண்டு குலையும் பச்சைக் காய். இருசப்பன் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து, ரோட்டோரத்தில் வரிசையாய் அடுக்கி, வெட்டின இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்தான். சாயங்காலம்வரை வருகிற போகிற ஆளெல்லாம் பார்த்தார்கள்.

"அவரு கண்டுபுடிச்சிட்டாரு. குடிச்சிட்டு வந்து அதுக்குத்தான் அடிச்சாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. போலீசுலயும் சொல்லல. அடிச்சதையே இல்லன்னுட்டேன், அப்பறம் எங்க..." கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒன்ன நான்தான் உள்ள அனுப்புனேண்ணே."

புனிதன் ஒரு பாக்கை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினான்.

"ஒன் வாக்குமூலத்த கோர்ட்டுல படிச்சாங்க. நல்லா வெளங்குச்சு. ஆமான்னு தலைய ஆட்டிட்டேன். மொத வருஷம் பூரா ஒம்மேல அப்படி ஒரு கோவம்." பாக்கை மறுகைக்கு மாற்றினான். "பெறகு, புள்ள இப்ப தவழும், இப்ப எழுந்து நிக்கும்னு ஒரு நெனப்பு வந்துரும். கோவம் தங்கல."

"பழத்தப் பத்தி ஒனக்குத் தெரியுமா?"

"கொட்டுன பழம் ஒரே பக்கமாக் கெடக்கும், உதுந்த பழம் சுத்திக் கெடக்கும். சின்னப் புள்ளைக்கிக்கூடத் தெரியும். ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா வெட்டியிருக்க மாட்டோம். எங்க நிக்கறது? ஏழு மணிக்குள்ள அந்த நிரைய முடிக்கணும்னு மண்டோரு பின்னால கத்திக்கிட்டே இருந்தான்." பாக்கைத் தட்டில் திரும்ப வைத்தான். "அன்னைக்கு பூரா, அந்தச் சேப்புக் குலைக்குப் பக்கத்துல நின்னப்ப, என் கையில அரிவா இருந்துச்சு துளசி. மண்டோர வெட்ட முடியுமா? வீட்டுக்கு வந்தா கணேசு ஒன்னைய ஒதைக்கிறான். வெட்டிட்டேன். ஒனக்காக மட்டும் வெட்டுனேன்னு சொன்னா அது பொய்."

வெளியே இயந்திரத்தை யாரோ கிளப்பிப் பார்த்து நிறுத்தினார்கள். அவன் மெதுவாகக் கேட்டான்.

"இப்ப அடிக்கிறானா?"

"இல்லண்ணே. அன்னையோட சரி. குடியும் வுட்டாச்சு."

"கை வெளங்காததாலயா?"

துளசி யோசித்தாள். இந்த ஒரு மனிதனிடமாவது பொய் சொல்லக்கூடாது. "தெரியலண்ணே," என்றாள்.

"கையத் தூக்க முடியுதா?"

"இடுப்பு வரைக்கும் வரும். அதுக்கு மேல வராது."

புனிதன் தன் வலது கையைப் பார்த்தான். பிறகு எழுந்து, தங்கைக்குக் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தான்.

*

பழம் அதிகமாக இருக்கும் மாதம் அது. ஞாயிற்றுக்கிழமையும் லோரி ஓடியது. கோயிலில் பூசை முடித்து, நித்தியாவுக்கு மஞ்சள் பாவாடை கட்டி, காளியம்மன் குங்குமத்தை நெற்றியில் இழுத்துக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு நடந்து வந்தார்கள். முன்னால் கங்கா, தலையில் சீர்த்தட்டு. ஆசாரி உடையப்பன் சின்னத் தோல்பையோடு. வேண்டாம் என்று சொல்லப்பட்ட சேதுவும் வருத்தமில்லாமல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

புனிதன் ஆறு மணிக்கே வந்துவிட்டானாம். சாலையோர மரத்தடியில், வெள்ளை வேட்டி கட்டி, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். கட்டைக்கு இந்தப் பக்கம் காவலறை வாசலில் கணேஸ்வரன். மூன்று மணி நேரமாக இருவரும் இருபதடி தள்ளி நின்றிருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. காவலறைத் திண்டில் மட்டும் குடித்து வைத்த இரண்டு கோப்பி டம்ளர் இருந்ததைத் துளசி பார்த்தாள்.

கட்டைக்குக் கீழே குனிந்து பெண்கள் வெளியே போனார்கள். நாற்காலியைப் போட்டார்கள். புனிதன் உட்கார்ந்து வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டினான்.  துளசி பிள்ளையை அந்த மடியில் வைத்தாள்.

நித்தியா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். காவலறைக் கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, மீச காணும்," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். புனிதன் சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்புக்குப் பதில் வேறென்னவோ ஒரு சத்தம் வந்தது. பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சாய்ந்த குடுமி அவன் மூக்கில் இடித்தது.

"மாப்ள, தலையக் கெட்டியாப் புடிச்சுக்க," என்றார் உடையப்பன். கங்கா வாழைப்பழத்தைக் காட்டி வேடிக்கை காட்டினாள். ஆசாரியின் கை எப்போது போனது எப்போது வந்தது என்று தெரியவில்லை; வலது காதில் கம்மல் மின்னியது. ஒரு நொடி பிள்ளை மூச்சே விடவில்லை. பிறகு வீறிட்டாள். அம்மாவை அவள் கேட்கவில்லை. தோளைத் தாண்டி, கட்டைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அப்பா! அப்பா தூக்கு!"

கணேஸ்வரன் கட்டையை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தான். அப்போது உள்ளேயிருந்து ஹாரன் அடித்தது. குலைகளைக் கோபுரமாக ஏற்றிக்கொண்டு லோரி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. ஓட்டுநர் தலையை நீட்டி, ஆலையில் வரிசை இருக்கிறது, சீக்கிரம் என்று மலாயில் கத்தினான். முதல் லோரியின் முன் இருக்கையில் மண்டோர் இருசப்பன் உட்கார்ந்திருந்தான்.  கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

கணேஸ்வரன் திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கட்டை மேலே போனது. புனிதன் பிள்ளையோடு எழ, சேது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பெண்கள் ஓரத்துக் கால்வாய்ப் பக்கம் ஒதுங்கினார்கள். லோரி குலுங்கிக்கொண்டு திரும்பியதில் உதிரிப் பழங்கள் சாலையில் கொட்டி உருண்டன. இரண்டு மூன்று துளசியின் காலடியில் வந்து நின்றன. பழக்கத்தில் முதுகு வளைந்தது. பிறகு நிமிர்ந்துகொண்டாள்.

பிள்ளை நிறுத்தவில்லை. அப்பா, அப்பா என்று தொண்டை கிழியக் கத்தினாள். புனிதன் அவளைத் தூக்கிக்கொண்டு லோரியின் ஓரமாகவே வாசலுக்கு நடந்தான். கட்டை மேலே இருந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கட்டை விழும் இடத்தில் தாரில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அதன் விளிம்பில் கால் கட்டைவிரல் படும்படி வந்து நின்றுவிட்டான். கோட்டுக்கு மேலாகப் பிள்ளையை நீட்டினான்.

"மச்சான். புள்ள ஒன்னக் கேக்குது."

மூன்று வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

கணேஸ்வரனின் வலது கை எழுந்தது. இடுப்புவரை வந்தது. அங்கேயே நின்று நடுங்கியது. விரல்கள் மட்டும் பிள்ளையின் பாதத்தைத் தொடப் பார்த்து விரிந்து விரிந்து மூடின. இடது கையில் கயிறு முறுக்கிக்கொண்டு இறுகியிருந்தது. தலைக்குமேல் கட்டை; கட்டைக்குக் கீழே இரண்டாவது லோரி.

"கயித்த உட முடியாது மச்சான்," என்றான்.

புனிதன் கையை மடக்கவில்லை. பிள்ளை இருவருக்கும் நடுவே தொங்கிக்கொண்டு அழுதது. ஒரு காதில் கம்மல். மறுகாதில் ஆசாரி மையால் வைத்த புள்ளி.

உடையப்பன் கம்பியைத் துணியில் துடைத்தபடி ஓரத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னொரு காது பாக்கி இருக்கு. இன்னும் எத்தினி லோரிப்பா?"

கணேஸ்வரன் உள்ளே செம்மண் ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். புழுதி கிளம்பிக்கொண்டிருந்தது.

"நாலு," என்றான்.